அணுகுண்டில் பிழைத்தவர்களின் மனநலம்: கதிர் எவ்வளவு, பயம் எவ்வளவு?

கேள்வி இதுதான்: ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் உயிர் தப்பியவர்களுக்குப் பல பத்தாண்டுகள் கழித்தும் மனநலப் பிரச்சினைகள் இருந்ததாகப் படிக்கிறோம். கதிர்வீச்சு மூளையைக் கெடுத்ததால் வந்தவையா, இல்லை எந்தப் போரிலும் வரக்கூடிய அதிர்ச்சிதானா?

சுருக்கமாகச் சொன்னால் இரண்டுமே சரியான பதில் இல்லை. பிறந்து வளர்ந்துவிட்ட ஒருவரின் மூளையைக் கதிர் நேரடியாகத் தாக்கி மனநோயை உண்டாக்கியது என்பதற்கு இந்த இரண்டு ஊர்களின் ஆய்வுகளில் உறுதியான ஆதாரம் இல்லை. கருவிலிருந்த குழந்தைகள் மட்டும் விதிவிலக்கு. அதற்காக ‘எந்தக் குண்டானாலும் இப்படித்தான்’ என்றும் சொல்லிவிட முடியாது. சாதாரணக் குண்டு விழுந்து முடிந்துவிடும். இந்தக் குண்டு விழுந்தபின், உடம்புக்குள் என்ன புகுந்தது, எப்போது வெளியே வரும், பிள்ளைக்கும் போகுமா என்று எந்த மருத்துவராலும் வருடக்கணக்கில் பதில் சொல்ல முடியவில்லை. மனத்தை வாட்டியதில் பெரும்பங்கு அந்தப் பதில் இல்லாமைக்கு உண்டு.

முதலில் அளவுகள், ஏனென்றால் இந்த விஷயத்தில் பாதிக் குழப்பம் அங்கேதான். ஹிரோஷிமாவில் வெடிப்புக்கு நேர் கீழே உள்ள இடத்திலிருந்து 1 கி.மீ. தூரத்தில் மறைப்பு இல்லாமல் நின்றவருக்குச் சுமார் 4 கிரே (உடம்பு வாங்கும் கதிரை அளக்கும் அலகு). அது சிகிச்சை இல்லாவிட்டால் பாதிப் பேருக்கு மேல் சாகக்கூடிய அளவு. 1.5 கி.மீ.யில் அது அரை கிரேயாகிறது, 2 கி.மீ.யில் 0.08, 2.5 கி.மீ.யில் 0.01 கிரே அளவுக்கு இறங்கிவிடுகிறது. நாகசாகியில் அதே தூரங்களில் ஏறக்குறைய இரண்டு மடங்கு. 1950க்குப் பிறகு தொடர்ந்து கண்காணிக்கப்பட்டவர்களில் சுமார் 86,600 பேருக்குத் தனித்தனியாகக் கதிர் அளவு கணக்கிட்டிருக்கிறார்கள். அவர்களில் சுமார் 38,500 பேர் வாங்கியது 0.005 கிரேக்கும் குறைவு, அதாவது எந்த ஊரிலும் இயற்கையாக இரண்டு மூன்று வருடங்களில் உடம்பில் படக்கூடிய அளவு. 1 கிரேக்கு மேல் வாங்கியவர்கள் சுமார் 2,400 பேர்தான். அதிகம் வாங்கியவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே செத்துப்போயிருந்தார்கள். ஆகவே ‘பிழைத்தவர்கள் எல்லோரும் கடுமையான கதிர்வீச்சில் குளித்தவர்கள்’ என்ற பொதுவான எண்ணம் கணக்குக்கு ஒத்துவராது. ஆனால் இந்தக் கணக்கு எதுவும் அவர்களுக்கு அன்று தெரியாது. நம்பகமான தனிநபர் கணக்கீடு வரவே இருபது ஆண்டுகள் ஆயின. அதுவும் பின்னர் 1986லும் 2002லும் திருத்தப்பட்டது.

கருவில் இருந்தவர்கள் விஷயத்துக்கு வருவோம். தாய் வயிற்றில் கதிர் பட்ட சுமார் 1,600 பேரை ஆராய்ந்தபோது 30 பேருக்குக் கடுமையான அறிவுத்திறன் குறைபாடு தெரிந்தது. கருத்தரித்து 8 முதல் 15 வாரம் வரையிலான காலத்தில் பட்டவர்களிடம்தான் பாதிப்பு மிக அதிகம். 16 முதல் 25 வாரம் வரை அது குறைகிறது. 8 வாரத்துக்கு முன்போ 25 வாரத்துக்குப் பின்போ தெளிவான தொடர்பு இல்லை. காரணமும் தெரிந்ததே: பெருமூளைப் புறணியை உருவாக்கப்போகும் நரம்புச் செல்கள் அந்த எட்டு வாரங்களில்தான் வேகமாகப் பெருகித் தங்கள் இடத்துக்கு நகர்கின்றன. அந்த நேரத்தில் ஒரு கிரே பட்டால் அறிவுத்திறன் எண் சராசரியாக 25 முதல் 30 வரை குறைகிறது என்று கணக்கிட்டார்கள். இந்தக் குழந்தைகளின் குடும்பங்கள் ஒன்றையொன்று கண்டுபிடித்து ‘கினோகோ காய்’ என்ற சங்கத்தைத் தொடங்கியது 1965ல். அதுவரை இருபது வருடம் ஒவ்வொரு தாயும் தன் வீட்டுக்கு மட்டும் வந்த விதி என்று நினைத்துக்கொண்டிருந்தாள். கதிர் குழந்தையின் மூளையில் செய்ததையும், அந்தத் தாயின் மனத்தில் காரணம் தெரியாமை செய்ததையும் தனித்தனிக் கணக்காகத்தான் எழுத வேண்டும்.

மறு முனையில் முதுமை. பதின்மூன்று வயதிலோ அதற்கு மேலோ கதிர் பட்டவர்களுக்கு வயதான பிறகு மறதிநோய் கூடுதலாக வருகிறதா என்று பார்த்தார்கள். கதிர் அளவுக்கும் அதற்கும் தொடர்பு தெரியவில்லை.

அப்படியென்றால் மனத்தைத் தாக்கியது எது? குண்டு விழுந்த நாளிலிருந்து தொடங்க வேண்டும். எரிந்த உடலோடு கிடந்தவர்கள் எல்லோரும் கேட்டது தண்ணீர். ‘தீக்காயம் பட்டவருக்குத் தண்ணீர் கொடுத்தால் உடனே உயிர் போய்விடும்’ என்று அங்கே பலர் எச்சரித்தார்கள். அதை நம்பி மறுத்தவர்கள் உண்டு. மறுத்தவர் கண்ணெதிரே தாகத்தோடு செத்தவரை மறக்க முடியவில்லை. கொடுத்தவரோ, குடித்த மறுநிமிடமே செத்தவரைப் பார்த்துத் தான் கொன்றுவிட்டதாக நினைத்தார். எப்படி நடந்துகொண்டிருந்தாலும் குற்றவுணர்வு. நாகசாகியில் ஒவ்வோர் ஆகஸ்ட் 9ஆம் தேதி நினைவு நிகழ்ச்சியிலும் இறந்தவர்களுக்குத் தண்ணீர் படைக்கிறார்கள். காரணம் இதுதான். இடிபாட்டில் சிக்கிய அம்மாவையோ தம்பியையோ விட்டுவிட்டு, நெருங்கி வரும் நெருப்புக்குப் பயந்து ஓடியவர்களின் நிலை இன்னும் மோசம்.

அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் ஜே லிஃப்டன் 1962ல் ஹிரோஷிமாவில் எழுபதுக்கும் மேற்பட்டவர்களிடம் விரிவாகப் பேசினார். திரும்பத் திரும்ப இரண்டு விஷயங்கள் வந்தன. ஒன்று, பார்க்க முடியாததைப் பார்க்க நேர்ந்த சில நிமிடங்களிலேயே உணர்ச்சி மரத்துப்போனது. அந்த மரப்பு அன்றைக்கு உயிரைக் காத்தது. ஆனால் பல வருடம் விலகாமல் நின்று குடும்ப உறவையும் சந்தோஷத்தையும் சேர்த்து மரக்கச் செய்தது. இரண்டாவது, ‘அவர்கள் செத்தார்கள், நான் ஏன் இருக்கிறேன்’ என்ற குற்றவுணர்வு. இவை இரண்டும் பிற பேரழிவுகளில் பிழைத்தவர்களிடமும் இருப்பவை. அணுகுண்டுக்கே உரியது இதற்கு அப்புறம்தான் வருகிறது.

காயமே இல்லாமல் தப்பித்து, மற்றவர்களுக்கு உதவிக்கொண்டிருந்த ஆட்களுக்கு இரண்டு மூன்று வாரத்தில் தலை வாரும்போது சீப்போடு முடி கொத்தாக வந்தது. ஈறிலும் மூக்கிலும் ரத்தம். தோலில் ஊதாப் புள்ளிகள். எலும்பு மஜ்ஜை செயலிழந்து ரத்தத் தட்டுகள் குறைந்ததால் தோலுக்கடியில் கசியும் ரத்தம்தான் அந்தப் புள்ளி. புள்ளி வந்தவர்களில் பலர் சில நாட்களில் செத்தார்கள். இதைப் பார்த்தவர்கள் கற்ற பாடம்: நன்றாக இருப்பது என்றால் ஒன்றுமில்லை என்று அர்த்தமில்லை. அதன்பிறகு கையில் சிறு கன்றிப்போன தடம் தெரிந்தாலோ, மூக்கில் ரத்தம் வந்தாலோ, வெயிலில் களைத்தாலோ உடனே நினைவு அங்கேதான் போகும். ஓரிரு வருடத்தில் அந்தப் பயம் ஆறத் தொடங்கும் நேரத்தில் ரத்தப் புற்றுநோய் வரத் தொடங்கியது. 1950களின் முற்பகுதியில் அது உச்சம், குறிப்பாகச் சிறுவயதில் கதிர் பட்டவர்களிடம். 1954 மார்ச்சில் பிகினித் தீவு ஹைட்ரஜன் குண்டுச் சோதனையில் ஜப்பானிய மீன்பிடிப் படகு ஒன்று சாம்பலில் நனைந்து, அதன் வானொலி இயக்குநர் செப்டம்பரில் இறந்தபோது, ஒன்பது வருடம் பேசாமல் அடக்கிவைத்த பயம் மொத்தமும் மேலெழுந்தது.

இங்கே ஒரு கணக்கு. 0.005 கிரேக்கு மேல் வாங்கிய சுமார் 49,000 பேரில் 1950 முதல் 2000 வரை ரத்தப் புற்றுநோயால் இறந்தவர்கள் 204 பேர். அதில் கதிரால் கூடுதலாக ஏற்பட்டவை சுமார் 94. ஐம்பது வருடத்தில் 94 என்பதை இன்று படிப்பவருக்கு ‘இதற்கா இவ்வளவு பயந்தார்கள்’ என்று தோன்றலாம். அப்படி நினைப்பது நியாயமில்லை. 1953ல் இருந்தவருக்கு ரத்தப் புற்றுநோய் எண்ணிக்கை இறங்கப்போகிறது என்று யாரும் சொல்லவில்லை. மற்ற உறுப்புகளின் புற்றுநோய் அபாயமோ இறங்கவே இல்லை, வாழ்நாள் முழுக்கக் கூடுதலாகவே தொடர்கிறது. நோயாளியின் பயத்துக்கு அடிப்படை உண்டு, அளவுதான் அவருக்குத் தெரியவில்லை. சிகிச்சை தருபவர் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் நம்பிக்கை போய்விடும்.

தெரியாமையை வளர்த்ததில் நிர்வாகத்துக்கும் பங்கு உண்டு. 1945 செப்டம்பரில் ஆக்கிரமிப்புப் படை பத்திரிகைத் தணிக்கையைக் கொண்டுவந்தது. கதிர் நோய் பற்றிய செய்தியும் மருத்துவர்களின் கட்டுரைகளும் அதில் சிக்கின. 1947ல் ஹிரோஷிமாவில் அமெரிக்கர்கள் தொடங்கிய ஏபிசிசி என்ற ஆய்வு அமைப்பு, பிழைத்தவர்களை வண்டி அனுப்பி அழைத்துவந்து, துணியைக் களையச் சொல்லி, அளந்து, ரத்தம் எடுத்து அனுப்பியது. சிகிச்சை தரும் வேலை அதனுடையது இல்லை என்பது அதன் கொள்கை. ‘எங்களைப் பரிசோதனை எலியாக வைத்திருக்கிறார்கள்’ என்ற மனக்குறை ஹிபாகுஷாக்களிடம், அதாவது குண்டால் பாதிக்கப்பட்டவர்களிடம், வயதான பிறகும் ஆறவில்லை. கேட்கத்தான் வேண்டியிருக்கிறது: நம் ரத்தத்தை எடுத்துக்கொண்டு போனவர் முடிவைச் சொல்லாவிட்டால் நாம் என்ன நினைப்போம்? அதே தரவுகள்தான் இன்று உலகம் முழுக்கக் கதிர்ப் பாதுகாப்பு விதிகளுக்கு அடிப்படை என்பதும் உண்மை. பிழைத்தவர்களுக்கு மருத்துவச் செலவு தரும் சட்டம் வந்தது 1957ல், பன்னிரண்டு வருடம் கழித்து.

சமூகம் இன்னொரு பக்கம் இறுக்கியது. வரன் பார்க்கும்போது ஊரை மறைத்தார்கள். ‘ஊனமுள்ள பிள்ளை பிறக்கும்’ என்று சம்பந்தம் முறிந்தது. முகத்தில் கேலாய்டு எனப்படும் தடித்துப் புடைத்த தழும்பு உள்ள பெண்களுக்கு மறைக்கவும் வழியில்லை. அப்படி 25 பெண்கள் 1955ல் அறுவை சிகிச்சைக்காக நியூயார்க் போனார்கள். சுமார் 77,000 இரண்டாம் தலைமுறைப் பிள்ளைகளை ஆராய்ந்ததில் பெற்றோரின் கதிர் அளவால் கூடுதல் பிறவிக் குறையோ புற்றுநோயோ இதுவரை தெரியவில்லை. ஆனால் பேரனுக்குச் சாதாரணக் காய்ச்சல் வந்தாலும் ‘என்னால்தானோ’ என்று பாட்டி பயப்படுவதை அந்த முடிவு நிறுத்தவில்லை. கைப்புத்தகம் எனப்படும் அரசு அடையாள ஆவணத்துக்குப் பிள்ளைகளின் கல்யாணம் முடியும்வரை விண்ணப்பிக்காமல் இருந்தவர்கள் உண்டு. பின்னால் விண்ணப்பித்தபோது, தான் அங்கே இருந்ததற்கு இரண்டு சாட்சி வேண்டும் என்றார்கள். சாட்சி சொல்லக்கூடியவர்கள் செத்துப்போயிருந்தார்கள். கொரியாவிலிருந்து வேலைக்குக் கொண்டுவரப்பட்டவர்களுக்கு இன்னும் கொடுமை: நாட்டை விட்டு வெளியேறினால் உதவித்தொகை உரிமை போய்விடும் என்ற 1974ஆம் வருட உத்தரவு 2003ல்தான் விலக்கப்பட்டது.

இனி ஆய்வுகள் என்ன சொல்கின்றன? 1960களின் முற்பகுதியில் வழக்கமான உடல் பரிசோதனையோடு கேட்ட கேள்விப் பட்டியல்களைப் பல வருடம் கழித்து அலசினார்கள். குண்டு விழுந்தபோது ஊரில் இருந்தவர்களிடம், இல்லாதவர்களைவிடப் பதற்றமும், மருத்துவக் காரணம் பிடிபடாத உடல் உபாதைகளும் கூடுதல். முடி உதிர்வு போன்ற உடனடிக் கதிர் அறிகுறிகள் வந்தவர்களிடம் இன்னும் கூடுதல். ஐம்பது வருடம் கழித்து நாகசாகியில், மன உளைச்சலை அளக்கும் பொது நலக் கேள்விப் பட்டியல் வைத்துச் செய்த ஆய்வுகளிலும் அதே போக்கு: மையத்துக்கு அருகில் இருந்தது, உடனடி அறிகுறிகள், குடும்பத்தில் இறப்பு ஆகியவற்றோடு மன உளைச்சல் சேர்ந்து வந்தது. உடனே ‘பார்த்தீர்களா, கதிர்தான்’ என்று தோன்றும். அவசரப்படக் கூடாது. அருகில் இருந்தவருக்குக் கதிர் மட்டுமா அதிகம்? தீக்காயம், இடிந்த வீடு, கண்ணால் கண்ட சாவு, இழந்த உறவு, பின்னால் வந்த வறுமை எல்லாமே அதிகம். தூரம் என்ற ஒரே கயிற்றில் இவை அனைத்தும் கட்டப்பட்டிருப்பதால் கதிரை மட்டும் அவிழ்த்தெடுக்க முடிவதில்லை.

அவிழ்க்க ஒரு வழி கிடைத்தது நாகசாகியின் புறநகரில். அங்கே, இதற்குள் இருந்தவர்கள் ஹிபாகுஷா என்று அரசு அங்கீகரித்த பகுதி வட்டமாக இல்லை. பழைய நிர்வாக எல்லைகளைப் பின்பற்றி, வெடிப்பு மையத்திலிருந்து வடக்கு தெற்காக சுமார் 12 கி.மீ., கிழக்கு மேற்காக சுமார் 7 கி.மீ. என நீண்டிருக்கிறது. அந்த எல்லைக்கு வெளியே இருந்து ஒளியையும் அதிர்வையும் அனுபவித்தவர்கள் வாங்கிய நேரடிக் கதிர் பொருட்படுத்த முடியாத அளவு என்பது கணக்கு. இவர்களை, பின்னாளில் அந்தப் பகுதிக்குக் குடிவந்தவர்களோடு ஒப்பிட்ட ஆய்வு 2011ல் வெளியானது. அரை நூற்றாண்டு கடந்தும் இவர்களின் மனநலம் மோசமாக இருந்தது. கதிர் குறித்த பயம் அதோடு நெருங்கிய தொடர்பு கொண்டிருந்தது. கதிர் படாமலேயே, பட்டிருக்குமோ என்ற எண்ணம் ஒரு மனிதரை ஐம்பது வருடம் வாட்ட முடியும் என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிடத் தெளிவான சான்று இல்லை.

இந்த முடிவு நிர்வாகத்தின் கையில் என்ன ஆனது என்பதையும் சொல்ல வேண்டும். 2002 முதல், மையத்திலிருந்து 12 கி.மீ. தூரத்துக்குள் இருந்தும் எல்லைக்கு வெளியே விடப்பட்டவர்களை அரசு ‘குண்டு அனுபவம் கொண்டவர்கள்’ என்று தனியாக வகைப்படுத்தி, மனநோயும் அதையொட்டிய நோய்களும் இருந்தால் மருத்துவச் செலவு தந்தது. அதாவது உதவி வேண்டுமானால் ‘எனக்கு வந்தது மனநோய்’ என்று மருத்துவச் சான்று வாங்க வேண்டும். ‘எங்கள் ஊரிலும் கதிரியக்கச் சாம்பலும் மழையும் விழுந்தது, எங்களையும் ஹிபாகுஷா என்று ஏற்றுக்கொள்’ என்று அவர்கள் வழக்குப் போட்டார்கள். 2024 செப்டம்பரில் நாகசாகி மாவட்ட நீதிமன்றம் 44 பேரில் 15 பேரை மட்டும் ஏற்றது. பிறகு அரசு மனநோய் நிபந்தனையை விட்டுவிட்டு, ஹிபாகுஷாக்களுக்குச் சமமான மருத்துவ உதவியை எல்லோருக்கும் தந்தது. அந்தப் பெயரை மட்டும் தரவில்லை. ‘காரணம் மனம்’ என்ற ஆய்வு முடிவு அறிவியலில் சரியாக இருக்கலாம். கேட்பவர் காதில் அது ‘உனக்கு ஒன்றும் ஆகவில்லை’ என்றுதான் விழுகிறது.

எண்களைப் படிக்கும்போது கவனிக்க வேண்டியவை சில. கண்காணிப்புப் பட்டியல் 1950 மக்கள்தொகைக் கணக்கிலிருந்து எடுத்தது. அதற்குள் இறந்தவர்கள், தற்கொலை செய்துகொண்டவர்கள் உட்பட, அதில் இல்லை. அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு என்ற நோய்ப்பெயரே 1980ல்தான் அமெரிக்க மனநோய்ப் பட்டியலில் சேர்ந்தது. முந்தைய பதிவுகளில் அதைத் தேடினால் கிடைக்காது. நரம்புத் தளர்ச்சி, காரணமற்ற களைப்பு என்றுதான் இருக்கும். நாட்கணக்கில் எழ முடியாத இந்தக் களைப்பைச் சோம்பல் என்றே அக்கம்பக்கத்தினர் பேசினார்கள். பொது நலக் கேள்விப் பட்டியல் கடந்த சில வாரங்களைப் பற்றி மட்டுமே கேட்கிறது, வாழ்நாளை அல்ல. ஆகஸ்டில் கேட்டால் வரும் பதில் பிப்ரவரியில் வரும் என்று எதிர்பார்க்கக் கூடாது. முடி உதிர்ந்ததா என்பதும் நினைவிலிருந்து வரும் பதில். இன்று மனம் வாடியிருப்பவர் அன்றைய அறிகுறிகளைக் கூடுதலாக நினைவுகூர வாய்ப்புண்டு.

எது உதவியது? வருடத்துக்கு இரண்டு முறை இலவசப் பரிசோதனை, அதோடு விருப்பப்பட்டால் இன்னும் இரண்டு முறை என்ற ஏற்பாடு நோயைக் கண்டுபிடிப்பதற்காக வந்தது. முடிவைப் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கும் மருத்துவர் அமைந்தால் அதுவே மனத்துக்கும் மருந்து. வெறும் தாளைக் கையில் கொடுத்தால் ஒவ்வொரு முறையும் புதுப் பயம். 1956ல் உருவான நிஹோன் ஹிடான்க்யோ போன்ற ஹிபாகுஷா சங்கங்கள், பேசத் தெரியாமல் இருந்தவர்களை ஒருவரோடு ஒருவர் பேச வைத்தன. அந்தச் சங்கத்துக்கு 2024ல் அமைதி நோபல் பரிசு கிடைத்தது. பள்ளிப் பிள்ளைகளிடம் சாட்சி சொல்வது சிலருக்கு வாழ்வுக்கு ஒரு பிடிப்பைத் தந்தது. எல்லோருக்கும் அது ஒத்துவராது. பேசச் சொல்லி வற்புறுத்துவது புண்ணைக் கீறுவதாகிவிடும்.

2025 மார்ச்சில் கைப்புத்தகம் வைத்திருந்தவர்கள் 99,130 பேர், சராசரி வயது 86. இன்று அவர்களைக் கவனிப்பவர்களுக்கு நடைமுறை வேலை வேறு மாதிரி. மறதி வரும்போது சமீபத்திய நினைவுகள் முதலில் போகின்றன, 1945 மிஞ்சுகிறது. மின்னல், சைரன், கருகிய வாசனை போதும், முதியவர் எழுந்து ஓடப் பார்ப்பார். அப்போது ‘அதெல்லாம் முடிந்துபோச்சு’ என்று வாதாடுவது வேலைக்காகாது. விளக்கைப் போட்டு, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, இருக்கும் இடத்தைச் சொல்லி, கையில் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுப்பது பயன்படும். சி.டி. ஸ்கேனுக்கு அனுப்பும்போது அதில் எவ்வளவு கதிர், ஏன் தேவை என்று முன்கூட்டியே எண்ணோடு சொல்லிவிட வேண்டும். மார்பு ஸ்கேன் என்றால் பொதுவாக 0.01 கிரே அளவில்தான். ‘பயப்படாதீர்கள், ஒன்றுமில்லை’ என்ற வார்த்தையைத் தவிர்ப்பது நல்லது. நன்றாக இருப்பது என்றால் ஒன்றுமில்லை என்று அர்த்தமில்லை என்பதை அவர்கள் 1945லேயே கண்ணால் பார்த்தவர்கள்.